டோபமைனை வடித்தெடுக்கும் ஊசி: நுண் டயாலிசிஸ் தொகுப்பு, ஒரு மதிப்புரை

மூளையில் ஒரு நரம்பணு இன்னொன்றிடம் சேதி சொல்ல வெளியே விடும் வேதிப்பொருளை உயிருள்ள விலங்கிலேயே அளக்க இன்று மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. சவ்வு பொருத்திய ஊசியால் அந்தப் பொருளைத் திரவத்தோடு வடித்தெடுத்து வெளியே வைத்து அளப்பது ஒன்று. கார்பன் இழை மின்முனையை உள்ளே வைத்து மின்னோட்டமாகப் படிப்பது இரண்டாவது. மரபணு வழியாக ஒளிரும் புரதத்தை உள்ளே வளர்த்து ஒளியாகப் பார்ப்பது மூன்றாவது. இந்த மதிப்புரை முதல் வழியான நுண் டயாலிசிஸுக்குரிய தொகுப்பைப் பற்றியது: ப்ரோப் எனப்படும் அந்தச் சவ்வு ஊசி, அதைத் தாங்கும் வழிகாட்டிக் குழல், சிரிஞ்ச் பம்ப், நுண்குழாய்கள், விலங்கு சுற்றித் திரிய இடம் கொடுக்கும் சுழல் இணைப்பு, மாதிரி சேகரிப்பான், கடைசியில், கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும், மின்வேதி உணரி பொருத்திய எச்.பி.எல்.சி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். "எவ்வளவு இருக்கிறது, கூடவே வேறு என்னென்ன இருக்கின்றன" என்பது உங்கள் கேள்வி என்றால், இதை மிஞ்சிய கருவி இன்னும் வரவில்லை. "எந்த நொடியில் வந்தது" என்பது கேள்வி என்றால் இதில் காசைப் போடாதீர்கள். இன்னொன்று: விற்பவர்கள் ப்ரோப்பைப் பற்றித்தான் பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். தரவின் தரத்தைத் தீர்மானிப்பதோ ப்ரோப்புக்கு முன்னும் பின்னும் இருக்கும் குழாய்கள்தான்.

வேலை செய்யும் விதம் எளிது. நுனியில் 1 முதல் 4 மில்லிமீட்டர் நீளத்துக்குச் சவ்வு. எலிக்கு 2 முதல் 4, சுண்டெலிக்கு 1 முதல் 2. உள்ளே செயற்கை மூளைத்தண்டுவடத் திரவம் நிமிடத்துக்கு 1 அல்லது 2 மைக்ரோலிட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தத் திரவத்தில், நாம் தேடும் தூதுப்பொருளான டோபமைன் கிடையாது. வெளியே திசுவில் இருக்கிறது. செறிவு கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குச் சிறு மூலக்கூறுகள் சவ்வைத் தாண்டி வரும், பெரிய புரதங்கள் வெளியிலேயே நின்றுவிடும். 1966இல் பிட்டோவும் உடன் உழைத்தவர்களும் நாய் மூளையில் டயாலிசிஸ் பைகளைப் பதித்துப் பார்த்தார்கள். 1970களில் ஸ்வீடனின் உர்பன் உங்கர்ஸ்டெட் அதைத் தொடர்ந்து திரவம் ஓடும் கருவியாக வளர்த்தெடுத்தார். அடிப்படை அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

சவ்வைத் தேர்ந்தெடுப்பதில் அதிகம் குழம்ப வேண்டாம். டோபமைன், செரட்டோனின், குளுட்டமேட் போன்ற சிறு மூலக்கூறுகளுக்கு 6 முதல் 20 கிலோ டால்டன் வெட்டெல்லை (அதைவிடப் பெரிய மூலக்கூறு சவ்வைத் தாண்டாத அளவு) போதும். 100 கிலோ டால்டன் சவ்வு பெரிய பெப்டைடுகளுக்கானது. "துளை பெரிதானால் டோபமைன் நிறைய வரும்" என்று நினைத்து அதை வாங்கினால் பிரச்சினையைத்தான் வாங்குகிறீர்கள்: உள்ளே இருக்கும் அழுத்தமே திரவத்தைத் திசுவுக்குள் தள்ளிவிடும், வெளியே வரும் அளவு குறையும், அதைச் சரிக்கட்ட இழுக்கும் பம்ப் ஒன்றும் கூடுதலாக வேண்டும்.

புது ப்ரோப்பின் சவ்வு காய்ந்துவிடாமல் இருக்கப் பலர் கிளிசரால் பூசி அனுப்புகிறார்கள். அதைக் கழுவாமல் நேரே இறக்கக் கூடாது. நுனியைத் திரவத்தில் முக்கி வைத்து, உள்ளே நிமிடத்துக்கு 2 மைக்ரோலிட்டர் வேகத்தில் குறைந்தது அரை மணி நேரம் ஓட விடுங்கள். பிறகு நுனியை ஒரு கணம் மேலே தூக்கி உருப்பெருக்கியில் பாருங்கள். நல்ல சவ்வு சீரான ஈரப் பளபளப்போடு இருக்கும். பக்கவாட்டில் ஒரே இடத்தில் துளி திரண்டு, துடைத்த பிறகும் அங்கேயே மறுபடி திரண்டால் அது கிழிசல். உள்ளே வெள்ளிக் கோடு போலத் தெரிந்தால் அது காற்றுக் குமிழி. குமிழி ஒட்டிக்கொண்டிருக்கும் நீளத்துக்குச் சவ்வு வேலை செய்யாது. 2 மில்லிமீட்டரில் அரை மில்லிமீட்டரைக் குமிழி அடைத்தாலே மீட்பில் (வெளியே இருப்பதில் எவ்வளவு பங்கு திரவத்தில் வந்து சேர்கிறது என்பதில்) கால் பங்கு போய்விடும், அதுவும் திரையில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல்.

குமிழி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. குளிர்ந்த திரவத்தில் கரைந்திருக்கும் காற்று, அது உடல் வெப்பத்துக்கு வரும்போது பிரிந்து வெளியேறுகிறது. எனவே திரவத்தை 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, வெற்றிடத்தில் காற்று நீக்கி, அறை வெப்பத்துக்கு வந்த பிறகே சிரிஞ்சில் ஏற்றவும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஏற்றுவதுதான் பெரும்பாலான குமிழிகளுக்குக் காரணம். அடுத்த குற்றவாளி குழாய் இணைப்பு. குழாய் முனையைக் கத்திரிக்கோலால் வெட்டினால் நசுங்கி ஓவலாகும். புது பிளேடால் செங்குத்தாக ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். இரண்டு முனைகளும் இணைப்புக்குள் ஒன்றையொன்று தொட்டு நிற்க வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் குமிழிக்கு நீங்களே வீடு கட்டிக் கொடுத்ததாக ஆகும்.

ஒரு லிட்டர் திரவத்துக்கான அளவு: சோடியம் குளோரைடு 8.59 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.20 கிராம், இரண்டு நீர் மூலக்கூறு கொண்ட கால்சியம் குளோரைடு 0.176 கிராம், ஆறு நீர் மூலக்கூறு கொண்ட மக்னீசியம் குளோரைடு 0.173 கிராம். செறிவாகச் சொன்னால் முறையே 147, 2.7, 1.2, 0.85 மில்லிமோலார். பாஸ்பேட் சேர்த்து பி.எச். 7.4க்குக் கொண்டுவருபவர்கள் கால்சியத்தைக் கடைசியில், கலக்கிக்கொண்டே சேர்க்க வேண்டும். இல்லையென்றால் வெண்மையாகத் திரிந்து படியும், அந்தப் படிவு நேரே போய்ச் சவ்வுத் துளைகளில் உட்காரும். கால்சியம் அளவில் கைவைக்காதீர்கள். நரம்பு முனையிலிருந்து தூதுப்பொருள் வெளியேறுவதே கால்சியத்தால்தான். பொதுப் பயன்பாட்டு ரிங்கர் கரைசல்களில் கால்சியம் 2 மில்லிமோலாருக்கு மேல் இருப்பதுண்டு. அதை ஓட விட்டால் அடிப்படை அளவு உயர்ந்துவிடும். அந்த உயர்வு உங்கள் கரைசலின் வேலை, விலங்கு அதற்குப் பொறுப்பல்ல.

பம்பில் பார்க்க வேண்டியது ஒன்றே: நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டரில் அது துடிக்காமல் தள்ளுகிறதா? 1 மில்லிலிட்டர் கண்ணாடி சிரிஞ்சு போதும். 10 மில்லிலிட்டர் சிரிஞ்சைப் பொருத்தினால் மோட்டார் ஓர் அடி எடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் திரவம் தாவித் தாவிப் போகும்.

இந்தத் தொகுப்பில் கூடவே தராத, ஆனால் கண்டிப்பாக இருக்க வேண்டிய கருவி ஒன்று உண்டு: 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசு. நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர் வேகத்தில் 20 நிமிடம் சேகரித்தால் குப்பியில் 20 மில்லிகிராம் கூடியிருக்க வேண்டும். 17 தான் இருக்கிறது என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். இணைப்பில் கசிவு இருக்கலாம். வெளியேறும் குழாய் அடைபட்டு, அழுத்தம் ஏறித் திரவம் திசுவுக்குள் போயிருக்கலாம். அல்லது குப்பி திறந்து கிடந்து ஆவியாகியிருக்கலாம். மூன்றாவதை யாரும் கண்டுகொள்வதில்லை. 20 மைக்ரோலிட்டர் என்பது ஒரு துளியைவிடக் குறைவு. அதில் 3 மைக்ரோலிட்டர் ஆவியானால் மிச்சத்தில் டோபமைன் செறிவு ஏறத்தாழ 18 சதவீதம் கூடித் தெரியும். மருந்தின் விளைவு என்று அதையே எழுதிவிட வாய்ப்பு உண்டு.

குழாயின் நீளத்தைக் கணக்கில் எடுக்காமல் நேர அச்சு வரைவது அடுத்த பிழை. 0.12 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்ட குழாயில் 10 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.1 மைக்ரோலிட்டர் பிடிக்கும். வெளியேறும் குழாய் 60 சென்டிமீட்டர் என்றால் 6.8 மைக்ரோலிட்டர். அதாவது இப்போது குப்பியில் விழும் துளி கிட்டத்தட்ட 7 நிமிடத்துக்கு முன் மூளையிலிருந்து கிளம்பியது. சுழல் இணைப்பின் உள்கொள்ளளவு அதற்கு மேல். கணக்கை மட்டும் நம்பாமல், ப்ரோப் நுனியை வெறும் கரைசலிலிருந்து டோபமைன் கரைசலுக்கு மாற்றி, எத்தனையாவது நிமிடத்தில் முகடு (வரைபடத்தில் டோபமைன் காட்டும் ஏற்றம்) உயர்கிறது என்று ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மீட்பு விகிதம். விலைப்பட்டியலில் "20 சதவீதம்" என்று போட்டிருப்பார்கள். 37 டிகிரியில் கலக்கிக்கொண்டே இருக்கும் குவளையில், குறிப்பிட்ட ஓட்ட வேகத்தில் எடுத்த எண் அது. வேகத்தைக் கூட்டினால் விகிதம் விழும். சவ்வு நீண்டால் ஏறும். ப்ரோப் பழுதில்லை என்று உறுதிப்படுத்த அந்தச் சோதனை அவசியம்; 10 ப்ரோப் வாங்கினால் 10ஐயும் சோதியுங்கள், கூட்டத்தோடு ஒட்டாததை ஒதுக்குங்கள். ஆனால் அந்த எண்ணால் மூளையில் கிடைத்த அளவை வகுத்து "உண்மையான செறிவு" என்று எழுதுவது தவறு. குவளையில் மூலக்கூறு தடையில்லாமல் ஓடி வருகிறது. மூளையிலோ அணுக்களுக்கு இடையே வளைந்து நெளிந்து வர வேண்டும், வழியில் டோபமைன் கடத்திப் புரதம் அதை அள்ளிக்கொண்டு போகிறது. அந்த அள்ளுதலே மீட்பைத் தீர்மானிக்கும் காரணிகளில் ஒன்று. கொக்கெயின் போல அதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் மீட்பு விகிதமே மாறிவிடும்.

உண்மைச் செறிவு வேண்டும் என்றால் நிகர ஓட்டம் இல்லாப் புள்ளி முறைதான் வழி. உள்ளே ஓடும் திரவத்திலேயே டோபமைனை 0, 5, 10, 20 நானோமோலார் என்று படிப்படியாகச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் நிலைப்பட்ட பிறகு வெளியே வருவதை அளக்க வேண்டும். உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை, உள்ளே போன செறிவுக்கு எதிராக வரையுங்கள். கோடு சுழியை வெட்டும் இடம் திசுவின் செறிவு. கோட்டின் சரிவு மீட்பு விகிதம். ஒரு விலங்குக்கு ஒரு நாள் முழுக்கப் போய்விடும். ஆனாலும் ஒரே சோதனையில் "வெளியேற்றம் கூடியதா, அள்ளுதல் குறைந்ததா" என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்க இந்த வழி உதவும். தொகுப்பின் மிக உயர்ந்த பயன் இதுவே என்பது எங்கள் கணிப்பு. வாங்கியவர்களில் பலர் இதைச் செய்வதே இல்லை என்பது வருத்தமான விஷயம்.

ப்ரோப் இறங்கியதும் முதல் மணி நேரங்களில் வரும் டோபமைன், காயத்தால் கொட்டுவது. வழிகாட்டிக் குழலைப் பதித்து ஒரு வாரம் ஆறவிட்டு, ப்ரோப்பை முந்தைய இரவே இறக்கி, காலையில் சேகரிக்கத் தொடங்குவது நல்லது. தொடர்ந்து மூன்று மாதிரிகள் 10 சதவீதத்துக்குள் நின்ற பிறகே மருந்து கொடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு மேல் அதே ப்ரோப்பை நம்ப வேண்டாம். சுற்றிலும் கிளியா எனும் துணை அணுக்கள் சுவர் எழுப்பத் தொடங்கிவிடும்.

அளப்பது நரம்புமுனையிலிருந்து வரும் டோபமைன்தான் என்று காட்ட மூன்று சோதனைகள் உண்டு. 1 மைக்ரோமோலார் டெட்ரோடாக்சினை ப்ரோப் வழியே ஓட விட்டால் நரம்புத் துடிப்பு நிற்கும். டோபமைன் பெரும்பகுதி விழ வேண்டும். கால்சியத்தை நீக்கினாலும் அதேபோல் விழ வேண்டும். பொட்டாசியத்தை 60 முதல் 100 மில்லிமோலார் வரை ஏற்றினால் எகிற வேண்டும். அப்போது ஏற்றிய அளவுக்குச் சோடியத்தைக் குறைக்க மறக்காதீர்கள். குளுட்டமேட்டில் இந்தச் சோதனை முகத்தில் அறைந்தாற்போல் பதில் சொல்லும்: அடிப்படைக் குளுட்டமேட்டின் பெரும்பகுதி டெட்ரோடாக்சினுக்கு அசையாது. அது சினாப்ஸ் (நரம்பணுக்கள் சந்திக்கும் இடம்) வழி வந்ததல்ல. குளுட்டமேட் சமிக்ஞையைப் படிக்கவே இதை வாங்க நினைப்பவர்கள் இந்த ஓர் உண்மையை வைத்தே முடிவை மாற்றிக்கொள்ளலாம். அசிட்டைல்கோலினில் சிக்கல் வேறு: நொதி அதை உடனே உடைத்துவிடுவதால் திரவத்தில் அந்த நொதியைத் தடுக்கும் நியோஸ்டிக்மின் சேர்க்கும் பழக்கம் உண்டு. சேர்த்தால் முகடு தெரியும். ஆனால் நீங்கள் அளப்பது நியோஸ்டிக்மின் போட்ட மூளையை.

அடுத்து எச்.பி.எல்.சி. செலவின் பெரும்பகுதி இங்கேதான் போகும். கணக்கைப் பாருங்கள். டோபமைன் செறிந்த மூளைப்பகுதியான ஸ்ட்ரையேட்டத்திலிருந்து வரும் திரவத்தில் டோபமைன் 2 நானோமோலார் என்று வைத்தால், 15 மைக்ரோலிட்டர் ஏற்றும்போது உணரிக்குப் போவது 30 ஃபெம்டோமோல். அது சுலபம். முன்நெற்றிப் புறணியில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும் என்றால் 3 ஃபெம்டோமோல். நல்ல உணரியும் அங்கே இரைச்சலோடு மல்லுக்கட்டும். ஆகவே எந்தப் பகுதியை ஆராயப் போகிறீர்கள் என்று முடிவு செய்யாமல் உணரியை வாங்காதீர்கள். புறணிக்குப் போகிறவர்கள் 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறுகிய உள்விட்டம் கொண்ட சி-18 நிரலுக்கு (பொருள்களைப் பிரிக்கும் குழாய்) செலவழிப்பது நியாயம்.

நிரல் வழியே ஓடும் நகரும் கரைசல் ஒரு லிட்டருக்கு நம்பகமான கலவை: சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 10.35 கிராம், ஆக்டேன் சல்ஃபோனிக் அமில சோடியம் உப்பு 0.37 கிராம், டைசோடியம் ஈ.டி.டி.ஏ. 9.3 மில்லிகிராம், ட்ரைஎத்தில்அமீன் 100 மைக்ரோலிட்டர். பாஸ்பாரிக் அமிலத்தால் பி.எச். 3.0க்குக் கொண்டுவந்து, அசிட்டோநைட்ரைல் 10 சதவீதம். ஈ.டி.டி.ஏ. ஏன் என்றால், உலோக அயனிகள் இருந்தால் பின்னணி மின்னோட்டம் ஏறும். ஆக்டேன் சல்ஃபோனிக் அமிலம்தான் உங்கள் கையில் இருக்கும் திருகாணி. டோபமைன் நேர்மின் சுமை கொண்டது; இந்த அமிலம் கூடினால் நிரலில் அதிக நேரம் தங்கும். டோபமைனின் சிதைபொருளான டோபாக் அமிலத்தன்மை கொண்டது, இதற்கு அவ்வளவாக அசையாது.

திரையில் இது எப்படித் தெரியும் என்றால்: முதலில் கரைப்பான் முகப்பு, அஸ்கார்பிக் அமிலமும் மற்ற வேகமானவையும் சேர்ந்து பெரிய மலைபோல். அது இறங்கும் சரிவில் டோபாக், அளவுகோலைத் தாண்டி எகிறும். அது மைக்ரோமோலார் கணக்கில் இருப்பது, டோபமைனைவிட நூறு மடங்குக்கும் மேல். அதன் வாலில் ஒரு சிறு தோள். அந்தத் தோள்தான் நீங்கள் தேடும் டோபமைன். இப்படித் தோளாக நின்றால் மென்பொருள் அடிக்கோட்டை எங்கே போட்டாலும் அளவு பொய்யே. ஆக்டேன் சல்ஃபோனிக் அமிலத்தைச் சிறிது ஏற்றினால் டோபமைன் டோபாக்கைவிட்டு விலகித் தனி முகடாக நிற்கும். அளவுக்கு மீறி ஏற்றினால் பின்னால் வரும் 5-எச்.ஐ.ஏ.ஏ. (செரட்டோனினின் சிதைபொருள்) மேல் போய் மோதும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் நிரல் சமநிலைக்கு வர ஓர் இரவு கொடுங்கள். இரண்டு மணி நேரத்தில் முடிவெடுத்தால் நாளை முகடு வேறிடத்தில் இருக்கும். முகடு வரும் நேரத்தை மட்டும் வைத்து டோபமைன் என்று சொல்லிவிடக் கூடாது. மாதிரியிலேயே டோபமைன் சேர்த்து அதே முகடு பிளவுபடாமல் வளர்கிறதா என்றும், மின்முனையின் மின்னழுத்தத்தைக் குறைத்தால், செறிவு தெரிந்த டோபமைன் கரைசலின் முகடு போலவே அதுவும் குறைகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கண்ணாடிக் கார்பன் மின்முனைக்கு 0.6 முதல் 0.7 வோல்ட் போதும். சிக்னல் குறைகிறதே என்று வோல்ட்டை ஏற்றினால் இரைச்சல்தான் கூடும். மின்முனையை அலுமினாவால் மெருகேற்றுவதே தீர்வு. டோபமைன் நடுநிலைக் கரைசலில் காற்றோடு சேர்ந்து தானே சிதையும், ஆகவே குப்பியில் முன்கூட்டியே சிறிது பெர்குளோரிக் அமிலம் வைத்து, 4 டிகிரியில் சேகரித்து, அன்றே ஓட்டாவிட்டால் மைனஸ் 80க்கு அனுப்புங்கள். அஸ்கார்பிக் அமிலத்தைக் காப்பானாகச் சேர்ப்பதும் உண்டு. முகப்பு மலை இன்னும் பெரிதாகும் என்பதை நினைவில் வைக்கவும்.

மற்ற இரண்டோடு ஒப்பிட்டால்? கார்பன் இழை முறையில் 7 மைக்ரான் இழையில் மைனஸ் 0.4இலிருந்து 1.3 வோல்ட் வரை ஏறி இறங்கும் முக்கோண அலை, நொடிக்கு 400 வோல்ட் வேகத்தில், நொடிக்கு 10 முறை. ஓர் அலை 8.5 மில்லிநொடியில் முடியும். நேரத் துல்லியத்தில் நுண் டயாலிசிஸ் அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் பின்னணியைக் கழித்துப் படிப்பதால் அடிப்படை அளவை அது சொல்லாது. நார்அட்ரினலினையும் டோபமைனையும் பிரிக்கவும் திணறும். 2018இல் வந்த டிலைட்டும் கிராப்-டி.ஏ.யும் ஒளிரும் உணரிகள்: முன்னது டோபமைனின் டி1 ஏற்பியிலிருந்தும் பின்னது டி2 ஏற்பியிலிருந்தும் செதுக்கப்பட்டவை. நொடிக்குள் நடப்பதை நடத்தையோடு பொருத்திப் பார்க்க இன்று அவையே சிறந்தவை. நானோமோலார் எண் கேட்டால் அவற்றிடம் நேரடிப் பதில் இல்லை, ஒரு உணரிக்கு ஒரு பொருள்தான் தெரியும். இங்கே ஒரே குப்பியில் டோபமைன், டோபாக், டோபமைனின் இன்னொரு சிதைபொருளான எச்.வி.ஏ., செரட்டோனின் எல்லாம் கிடைக்கும். நிறை நிறமாலைமானி வசதி உள்ள இடத்தில் பென்சாயில் குளோரைடால் குறியிட்டு இன்னும் பல தூதுப்பொருள்களை ஒரே ஓட்டத்தில் அளக்கலாம்.

வாங்குவதென்றால் ப்ரோப்பில் சிக்கனம் பிடித்து மறுபடி மறுபடி பயன்படுத்தாதீர்கள். உப்பு துளைக்குள் காய்ந்த சவ்வு திரும்ப உயிர்பெறாது. சுழல் இணைப்பைக் கசிவுச் சோதனை செய்து காட்டச் சொல்லி வாங்குங்கள். சோதனை முடிந்ததும் ப்ரோப் வழியே சாயம் விடலாம், அல்லது மூளையை நறுக்கிக் கிரெசில் வயலெட்டில் சாயமேற்றித் தடத்தைப் பார்க்கலாம். சவ்வின் முழு நீளமும் குறித்த பகுதிக்குள் விழுந்த விலங்குகளை மட்டும் கணக்கில் சேர்த்து, இரு மூளை அரைக்கோளங்களை இணைக்கும் நரம்பு நார்க்கற்றையான கார்ப்பஸ் கலோசத்தில் பாதி நீட்டிக்கொண்டிருந்ததை எவ்வளவு அழகான வரைபடம் கொடுத்திருந்தாலும் நீக்கிவிடுங்கள்.